எந்த ரகம் என்று கேட்காமல் தெளிக்காதீர்கள்

"எடுக்க ஆள் கிடைக்கவில்லையா? இலை உதிர்ப்பு மருந்தை அடித்துவிடுங்கள். பத்து நாளில் இலையெல்லாம் கொட்டிவிடும், காய் ஒன்றாக வெடிக்கும், ஒரே எடுப்பில் வேலை முடியும்." பருத்திக்கு இயந்திர அறுவடை வேண்டும் என்று பேசுகிற கூட்டங்களில் தொடங்கி மருந்துக்கடை வாசல் வரை இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டவர் உடனே கேட்பது, "டேங்குக்கு எவ்வளவு?" என்பதுதான். புட்டியில் அச்சடித்திருக்கும் அளவு பதிலாக வருகிறது. "கொல்லையில் என்ன ரகம் நிற்கிறது?" என்று இருவரில் ஒருவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் இந்த மருந்தை யாரும் யாருக்கும் பரிந்துரைக்கக் கூடாது என்பது என் வாதம். ஒரே மருந்தை, ஒரே அளவில், ஒரே நாளில் அடித்தாலும் ஒரு ரகம் இலையைத் தரையில் விடும். இன்னொரு ரகம் கருகிய இலையைக் கிளையிலேயே பிடித்து வைத்திருக்கும். மற்றொன்று இலையை உதிர்த்த சில நாட்களிலேயே புதுத் துளிர் விட்டு நிற்கும். இது தெளிப்பவரின் கைத்தவறால் மட்டும் நேர்வதில்லை. செடியின் உடம்புக்குள்ளேயே இந்த வேறுபாடு இருக்கிறது. அதை மறைத்துவிட்டுச் சொல்லப்படும் "எல்லாப் பருத்திக்கும் ஒரே அளவு" என்ற கருத்து அறிவியல்படியும் தவறு, உழவரின் கணக்குப்படியும் தவறு.

கள்ளக்குறிச்சியை முன்வைத்து இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் மரவள்ளிக்கும் நடுவே பருத்தி நிற்கிறது. சின்னசேலம், தியாகதுருகம், சங்கராபுரம் பக்கத்துக் கொல்லைகளில் மழையை நம்பிப் போட்டதும் உண்டு, கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்ததும் உண்டு. மூட்டை கட்டி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கோ கூட்டுறவு விற்பனைச் சங்கத்துக்கோ ஏலத்துக்குக் கொண்டுபோனால், அங்கே "எல்.ஆர்.ஏ." என்ற பெயரில் பதியும் பருத்தி ஒரு விலைக்கும் "கொட்டு" வேறொரு விலைக்கும் போகும். கறையும் தூசும் ஏறித் தரம் கெட்டதுதான் கொட்டு. ஒரு குடும்பத்தின் ஐந்து மாத உழைப்பு எந்தப் பெயரில் எடை போடப்படுகிறது என்பதை, பஞ்சில் ஒட்டியிருக்கும் இலைத்தூளே தீர்மானித்துவிடலாம். ஆகவே இலை எப்படி உதிர்கிறது என்பது இங்கே வயிற்றுப் பிரச்சினை.

எதிர்த்தரப்பின் வாதத்தில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. பருத்தி எடுக்க ஆள் கிடைப்பது கடினமாகிவிட்டது. கிடைத்தாலும் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கூலி, விற்ற பணத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. மழை பிடித்துக்கொண்ட ஆண்டில் அடர்ந்த இலைக்குள் காய்கள் அழுகுகின்றன. பயிரைக் காலத்தோடு முடித்துவிட்டால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பருவத்துக்குத் தாவுவதும் குறையும். முறையாகச் செய்த இலை உதிர்ப்பு இந்த எல்லாவற்றுக்கும் உதவும். நான் மறுப்பது மருந்தையோ இயந்திரத்தையோ அல்ல. செடியைப் பார்க்காமல் புட்டியை மட்டும் பார்க்கிற பரிந்துரையைத்தான் மறுக்கிறேன்.

"இலை காய்ந்தால் போதாதா?"

போதாது. இந்த விவாதத்தின் வேரே இங்கேதான் இருக்கிறது.

இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் சில அடுக்குச் சிறிய செல்கள் உள்ளன. இலை உதிரும்போது பிரிவது அந்த இடத்தில்தான். இலை நலமாக இருக்கும்வரை அது தயாரிக்கும் ஆக்சின் என்ற ஊக்கி காம்பு வழியே கீழே வந்துகொண்டிருக்கும். அந்த வரத்து இருக்கும்வரை பிரியும் அடுக்கு அசையாது. இலை மூப்படையும்போது ஆக்சின் குறையும், எத்திலீன் என்ற வாயு ஊக்கி கூடும். அப்போது அந்த அடுக்கின் செல்கள் நொதிகளைச் சுரக்கும். அந்த நொதிகள் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினையும் செல்சுவரின் செல்லுலோசையும் கரைக்கும். பிறகு ஒரு காற்று போதும், இலை விழுந்துவிடும். பருத்தி இந்த ஆராய்ச்சிக்குப் புதியதல்ல. ஆக்சின் வரத்தின் ஏற்றத்தாழ்வே இலை உதிர்வை நடத்துகிறது என்ற கருத்தை 1955இல் முன்வைத்தவர்களில் ஒருவர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் அடிகாட். 1960களில் அவருடைய குழு உதிர்ந்த பிஞ்சுப் பருத்திக் காய்களிலிருந்து பிரித்தெடுத்த பொருளைத்தான் இன்று உலகம் அப்சிசிக் அமிலம் என்று படிக்கிறது.

இலை உதிர்ப்பு மருந்துகளில் அதிகம் பேசப்படுவது தைடையசூரான். அது அரிவாள் அல்ல, செடிக்கு அனுப்பும் கட்டளை. அது இலைக்குள் போனதும் எத்திலீன் உற்பத்தியைத் தூண்டுகிறது, ஆக்சின் இடம்பெயர்வதைத் தடுக்கிறது. மூப்படைந்த இலையில் இயல்பாக நடப்பது முன்கூட்டியே நடக்கிறது. கட்டளையை நிறைவேற்ற வேண்டியது செடிதான். நொதியைச் சுரக்க வேண்டியவை உயிருள்ள செல்கள். இலையும் காம்பும் அந்த வேலை முடியும்வரை உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு முன்பே இலை செத்துவிட்டால் அந்த அடுக்கு பிரியாது. இலை சுருண்டு கருகிக் காய்ந்து கிளையிலேயே தொங்கும்.

"மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது, மூன்றாம் நாளே காய்ந்துவிட்டது" என்று மகிழ்கிறவர் தோல்வியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தொங்கும் காய்ந்த இலை கை பட்டதும் நொறுங்கி, வெடித்த பஞ்சுக்குள் தூளாக இறங்கும். பச்சை இலையைக் கையால் விலக்கிவிட்டு எடுக்கலாம். நொறுங்கிய தூளைப் பஞ்சிலிருந்து பிரிக்கப் பருத்தி எடுக்கும் எந்தப் பெண்ணுக்கும் நேரமில்லை, அதற்குக் கூலி கொடுக்க எந்த உழவருக்கும் வசதியில்லை. இயந்திரம் எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். ஆகவே, எத்தனை இலை காய்ந்தது என்ற கணக்குக்கு மதிப்பு இல்லை. எத்தனை உதிர்ந்தது, எத்தனை காய்ந்து தொங்குகிறது, எத்தனை பச்சையாக நிற்கிறது என்று மூன்று கணக்கு வேண்டும். ஒரே அளவில் இந்த மூன்றும் ரகத்துக்கு ரகம் மாறும்.

எப்படி மாறும்? முதல் வேறுபாடு ஊக்கிகளின் அளவிலேயே இருக்கிறது. சீனாவில் தைடையசூரானுக்கு எளிதில் உதிரும் ரகத்தையும் எளிதில் உதிராத ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே மருந்து பட்டபிறகு இரண்டிலும் எத்திலீன், ஆக்சின் சார்ந்த மரபணுக்கள் ஒரே மாதிரி இயங்கவில்லை. கட்டளை ஒன்றுதான், கேட்கும் உடம்புகள் வேறு.

இரண்டாவது, மருந்து உள்ளே போகும் வழி. தைடையசூரான் செடி முழுவதும் ஓடிப் பரவுகிற மருந்து அல்ல. பட்ட இலையில்தான் பெரும்பாலும் வேலை செய்யும். இலைத்தோலின் மேல் இருக்கும் மெழுகைத் தாண்டித்தான் அது உள்ளே போக வேண்டும். அந்த மெழுகுப்படலம் எல்லா ரகத்திலும் ஒரே தடிப்பில் இல்லை. தண்ணீருக்குத் தவித்த செடியில் அது மேலும் தடிக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் பருத்தியில் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். கிணற்றுப் பாசனக் கொல்லையில் நன்றாக உதிர்ந்த அதே ரகம், வரப்புக்கு அப்பால் மானாவாரியில் அதே அளவுக்கு அசையாமல் நிற்கலாம். ரகமும் தண்ணீரும் சேர்ந்து ஒரு விடையைத் தருகின்றன. புட்டியில் அந்த விடை இல்லை.

மூன்றாவது, இலையின் முடி. தத்துப்பூச்சியைத் தாங்குவதற்காக நம் நாட்டில் முடி அடர்ந்த இலை உள்ள ரகங்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அது சரியான முடிவு. அந்த முடி இல்லாவிட்டால் பல பருவங்களில் இலையே மிஞ்சியிருக்காது. ஆனால் முடியுள்ள இலையின் தூள் பஞ்சில் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. வழவழப்பான இலை உள்ள ரகத்தில் பத்தில் எட்டு இலை உதிர்ந்தால் பருத்தி சுத்தமாக வரும். முடியடர்ந்த ரகத்தில் அதே எட்டு உதிர்ந்தும் மீதி இரண்டு மூட்டையைக் கெடுத்துவிடலாம். உதிர்ந்த சதவீதம் ஒன்றாக இருந்தாலும் ஏலத்தில் கிடைக்கும் பெயர் வேறாகிவிடும்.

நான்காவது, வயது. மூத்த இலை கட்டளைக்குச் சீக்கிரம் பணியும், நுனியில் இருக்கும் இளம் இலை ஆக்சினைச் சுரந்துகொண்டே எதிர்க்கும். காய்ப்பிடிப்பு அதிகமாகி வளர்ச்சியை நிறுத்திக்கொண்ட ரகத்தில் பெரும்பாலும் மூத்த இலைகளே இருக்கும். காய்த்துக்கொண்டே வளர்ந்துகொண்டும் இருக்கிற ரகத்தில் நுனி எப்போதும் இளமையாகவே இருக்கும். தழைச்சத்தைக் கூடுதலாக இட்டிருந்தால் அது இன்னும் கூடும். இலை உதிர்ந்த கணுக்களில் மறுதுளிர் வருவதும் இந்த ரகங்களில்தான் அதிகம். இரண்டு வாரத்தில் இளம்பச்சைத் துளிர் நிறைந்த செடியில் பஞ்சு எடுத்தால் பச்சைக் கறை படியும்.

"எல்லாம் பி.டி. பருத்திதானே?"

அடுத்து வருகிற வாதம் இது. ரகம் ரகம் என்கிறாயே, இப்போது எங்கும் பி.டி.தான், எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள்.

பி.டி. என்பது ஒரு ரகத்தின் பெயர் அல்ல. காய்ப்புழுவை எதிர்ப்பதற்காக மண்ணில் வாழும் பாக்டீரியம் ஒன்றிலிருந்து எடுத்துச் சேர்த்த மரபணுவின் பெயர். 2002இல் இந்தியாவில் அதற்கு அனுமதி கிடைத்தது, 2006இல் இரண்டு மரபணு உள்ள விதை வந்தது. பின்னர் அனுமதி பெற்ற பி.டி. கலப்பினங்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அந்த மரபணு புழுவின் குடலோடு சம்பந்தப்பட்டது. இலைக்காம்பின் அடியில் செல்கள் எப்படிப் பிரிய வேண்டும் என்று அது எதுவும் சொல்வதில்லை. செடி குட்டையா நெட்டையா, நாலு மாதத்தில் முடியுமா ஆறு மாதம் நிற்குமா, இலை தடித்ததா மெல்லியதா என்பதெல்லாம் அந்த மரபணு ஏறிய தாய்தந்தை வழியைப் பொறுத்தவை. பத்துக் கம்பெனிப் பொட்டலம் என்றால் பத்து வேறு உடம்புகள்.

இன்னும் ஆழமான வேறுபாடு ஒன்றும் இந்தப் பகுதியில் இருக்கிறது. ஆத்தூர், சேலம் சந்தைகளில் தனியாக ஏலம் போகும் டி.சி.எச். பருத்தி, சாதாரணக் கலப்பினம் அல்ல. 1980களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தார்வாடிலிருந்து வந்த டி.சி.எச். 32, இரண்டு வேறு இனங்களைச் சேர்த்து உண்டாக்கியது. ஒரு பக்கம் நாம் வழக்கமாகப் பயிரிடும் அமெரிக்கப் பருத்தி, மறுபக்கம் மிக நீண்ட இழை தரும் எகிப்தியப் பருத்தி இனம். அந்த இரண்டாவது இனத்தைச் சேர்ந்த பீமா பருத்தியை வளர்க்கும் கலிஃபோர்னியா உழவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சாதாரணப் பருத்தியைவிட அதன் இலையை உதிர்ப்பது கடினம்; அளவும் கூட வேண்டும், இரண்டாம் தெளிப்பும் பெரும்பாலும் வேண்டும். அந்த ரத்தம் பாதி ஓடுகிற கலப்பினத்துக்கும் பக்கத்துக் கொல்லையின் குட்டைச் செடிக்கும் ஒரே டேங்க் கணக்குச் சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

ஏலக்கூடத்துப் பெயர்களும் இதில் உதவாது. எல்.ஆர்.ஏ. என்று எழுதப்படும் மூட்டைக்குள் எந்தப் பொட்டலத்துச் செடியின் பருத்தி இருக்கிறது என்று அந்தப் பெயர் சொல்லாது. வியாபாரிக்கு இழை தெரிந்தால் போதும். மருந்து பரிந்துரைக்கிறவருக்குச் செடி தெரிந்தாக வேண்டும். வியாபாரியின் வகைப்பாட்டை வைத்து வேளாண்மை ஆலோசனை சொல்ல முடியாது.

"அமெரிக்காவிலும் சீனாவிலும் நடக்கிறதே?"

நடக்கிறது. ஆனால் எந்த வரிசையில் நடந்தது என்று பார்க்க வேண்டும். அங்கே மருந்துக்கு முன்பே செடி மாற்றப்பட்டது.

ஆஸ்திரேலியாவில் 1980களிலேயே சியோக்ரா என்ற பெயரில் வெண்டை இலைபோலக் குறுகிப் பிளந்த இலையுள்ள ரகங்களைக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட செடிக்குள் வெயிலும் காற்றும் போகும், தெளிப்பும் உள்ளே போகும். சீனாவின் சின்ஜியாங்கில் குட்டைச் செடிகளை மிக நெருக்கமாக நட்டு, ஒரே நேரத்தில் காய் வெடிக்கும் ரகங்களைத் தேடினார்கள். இலை உதிர்ப்பு மருந்துக்கு எவ்வளவு எளிதில் பணிகிறது என்பதையே அங்கே ரகத் தேர்வின் அளவுகோல்களில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். மருந்து அந்த மாற்றத்தின் கடைசிப் படி. நாம் முதல் படிகளை எல்லாம் விட்டுவிட்டுக் கடைசிப் படியை மட்டும் இறக்குமதி செய்யப் பார்க்கிறோம்.

நம் கொல்லைகளைப் பாருங்கள். நாலு அடிக்கு இரண்டு அடி இடைவெளியில் கலப்பின விதையை ஊன்றினால் ஏக்கருக்குச் சுமார் 5,400 செடிகள் வரும். விதை விலை அதிகம், ஆகவே செடியைக் குறைத்து ஒவ்வொன்றையும் பெருக்க விடுகிறோம். ஒவ்வொரு செடியும் பக்கக் கிளைகள் விட்டுப் புதராகப் படர்கிறது. மேலிருந்து தெளிக்கும் மருந்து வெளி இலையை நனைக்கும், உள் இலையைத் தொடாது. மறுபக்கம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட கோ 17 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து பக்கக் கிளை விடாமல் நேராக நிற்கும் செடி அது. வரிசைக்கு வரிசை 100 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. விட்டு நட்டால் ஏக்கருக்கு 40,000 செடிகள் வரும். செடிக்குச் சில காய்கள், அவையும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் முற்றும். இந்த இரண்டு செடிகளும் பருத்தி என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கலாம். ஒரே தெளிப்புக்குள் அடங்காது.

காய் முற்றும் கணக்கிலும் இதே பிரச்சினை. "பத்துக்கு ஆறு காய் வெடித்ததும் அடிக்கலாம்" என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. குட்டை ரகத்தில் அது பொருந்தும். பூத்த நாளிலிருந்து காய் வெடிக்க 45 முதல் 55 நாட்கள் ஆகும். மேலே ஒரு கிளை ஏறினால் மூன்று நாள், அதே கிளையில் அடுத்த காய்க்கு ஆறு நாள் என்ற அளவில் காய்களின் வயது விலகும். காய்ப்பு சில வாரங்களில் முடிந்துவிடும் ரகத்தில் மீதி நான்கு காய்களும் கிட்டத்தட்ட முற்றியிருக்கும். மாதக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும் கலப்பினத்தில் அந்த நான்கில் ஒன்று பத்து நாள் பிஞ்சாகவும் இன்னொன்று இருபது நாள் காயாகவும் இருக்கலாம். இலையை எடுத்துவிட்டால் அவற்றுக்கு உணவு இல்லை. வெடித்தாலும் இழை முற்றாமல் மெலிந்து வரும். மூன்று, நான்கு எடுப்பு எடுக்க வேண்டிய செடியை ஓர் எடுப்பில் முடித்துவிட்டு மிச்சக் கூலியைக் கணக்குப் பார்க்கிறவர்கள், பறிகொடுத்த பருத்தியையும் அதே தாளில் எழுத வேண்டும்.

காலமும் இடமும் கூடச் சேர்கின்றன. தைடையசூரானுக்கு வெப்பம் வேண்டும். குளிர்ந்த இரவுகளில் அது மந்தமாகிவிடும். இரவு வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே போகும் இடங்களில் அதை நம்ப முடியாது என்பது ஆஸ்திரேலிய, அமெரிக்க அனுபவம். மார்கழி, தைப் பனியில் கல்வராயன் மலையடிவாரத்துக் கொல்லையும் உளுந்தூர்பேட்டைச் சமவெளியும் ஒரே இரவைக் காண்பதில்லை. அந்த மலையடிவாரத்தில், கோமுகி அணைப் பக்கத்தில், எளிதில் பணியாத ரகத்தைப் பனிக்காலத்தில் அடித்துவிட்டு, மாசி வெயிலில் தெற்கே வேறொருவர் கண்ட பலனை எதிர்பார்ப்பது வீண்.

"உதிரவில்லையா, அளவைக் கூட்டுங்கள்"

எல்லா ஆலோசனைகளிலும் ஆபத்தானது இதுதான். எளிதில் உதிராத ரகத்தில் அளவைக் கூட்டினால் இலை உதிர்வதற்கு முன்பே சாகும். சாகும் இலை தொங்கும். தொங்கும் இலை நொறுங்கும். நோய்க்குத் தீர்வு என்று சொல்லி நோயையே பெருக்குகிற வழி இது. தைடையசூரானோடு டையூரான் என்ற களைக்கொல்லியையும் கலந்த மருந்துகளில் இந்த ஆபத்து கூடும். டையூரான் இலையின் ஒளிச்சேர்க்கையை நிறுத்துவது, மண்ணில் தங்கக்கூடியது. அடுத்த பயிராகப் பயறோ மணிலாவோ போட நினைக்கிறவர் அதையும் யோசிக்க வேண்டும். வெண்டையும் பருத்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், காற்றில் போகும் துளி பக்கத்துத் தோட்டத்தையும் தொடும்.

கூட்டிக்கொண்டே போவதன் முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. சோவியத் ஆட்சியில் உஸ்பெகிஸ்தானின் பருத்தி வயல்களில் புட்டிஃபாஸ் என்ற பாஸ்பரஸ் சார்ந்த நச்சை இலை உதிர்க்கத் தெளித்தார்கள். அதே வயல்களில் பள்ளிப் பிள்ளைகளையும் மாணவர்களையும் பருத்தி எடுக்க இறக்கினார்கள். அதன் கேடு வெளியே வந்து அந்த மருந்துக்குத் தடை வந்தது 1980களில்தான். இலக்கு டன் கணக்கில் இருந்தது, செடியையும் மனிதரையும் யாரும் பார்க்கவில்லை. தைடையசூரான் அந்த அளவுக்குக் கொடியது அல்ல. ஆனால் தெளித்த கொல்லையில் அடுத்து இறங்கப்போவது யார் என்ற கேள்வி மாறவில்லை. வெறுங்கையோடு, சேலை முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு, அந்த இலைகளுக்கு நடுவே நாளெல்லாம் நிற்கப்போவது பருத்தி எடுக்கும் பெண்கள். அளவைக் கூட்டச் சொல்கிறவர் அவர்களை நினைத்துப் பார்த்தாரா?

மாற்று வழி இருக்கிறது. கடினமான ரகத்துக்கு ஒரே பெரிய அளவைவிட, குறைந்த அளவில் ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தெளிப்பு நல்ல பலன் தரும் என்பது மற்ற நாடுகளில் கண்ட அனுபவம். முதல் தெளிப்பில் வெளி இலை உதிர்ந்து, இரண்டாவது உள்ளே போகும். ஆனால் எந்த ரகத்துக்கு ஒன்று போதும், எதற்கு இரண்டு வேண்டும், எதற்கு இந்த வேலையே வேண்டாம் என்று தெரிந்தால்தான் இதையும் செய்ய முடியும். மானாவாரியில் மாசி மாதத்துக்குள் தானாகவே செவ்விலை பாய்ந்து பாதி இலையை உதிர்த்துவிடும் கலப்பினங்கள் உண்டு. அவற்றுக்கு மருந்து வாங்குவது பணத்தை மண்ணில் கொட்டுவதுதான்.

"ஆராய்ச்சிக்கு நேரம் எங்கே, ஆளே இல்லையே?"

இந்தக் கேள்வியில் இருக்கும் தவிப்பு உண்மையானது. கல்வராயன் மலையிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். சமவெளிக் கிராமங்களின் இளைஞர்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள் வயதான பெண்கள். அவர்களுக்குக் கூலி கூட வேண்டும் என்பதும் நியாயம்.

அதனால்தான் தவறான தெளிப்பு அதிக நட்டம். நன்றாக உதிர்ந்த கொல்லையில் ஒரு பெண் ஒரு நாளில் கூடுதலாக எடுக்கலாம். இலை கருகித் தொங்கும் கொல்லையில் அவர் எடுப்பதும் குறையும், எடுத்ததைச் சுத்தம் செய்யும் வேலையும் ஏறும். ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கக் கொண்டுவந்த மருந்தே ஆள் தேவையைக் கூட்டிவிடும். ஆள் இல்லாத ஊரில்தான் இந்தத் தவறுக்கு இடமே கிடையாது. அவசரம் அதிகம் என்றால், கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதற்கு அது காரணமாகாது. விரைவாகச் சோதித்துப் பார்ப்பதற்குத்தான் காரணமாகும்.

சோதனைக்கு நாம் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. அண்டை மாவட்டமான பெரம்பலூரில் வேப்பந்தட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோவையில் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தியாகதுருகம், சங்கராபுரம் வட்டாரங்களில் அதிகம் விற்கும் கலப்பினங்களையும், டி.சி.எச். வகையையும், கோ 17ஐயும் அருகருகே வரிசையாக நட வேண்டும். மானாவாரியில் ஒரு தொகுதி, பாசனத்தில் ஒரு தொகுதி. பனிக்காலத்தில் ஒரு தெளிப்பு, மாசியில் ஒரு தெளிப்பு. பலனைப் பல்கலைக்கழக இதழில் மட்டும் போடாமல் ஏலக்கூடச் சுவரில் ஒட்ட வேண்டும். வேளாண் துறை இதை ஒரு பருவத்திலேயே தொடங்கலாம்.

விதைக் கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. பொட்டலத்தின் மேல் வயது, இழை நீளம், பூச்சி எதிர்ப்பு எல்லாம் அச்சாகின்றன. இலை உதிர்ப்பு மருந்துக்கு இந்தக் கலப்பினம் எளிதில் பணியுமா பணியாதா என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமல்ல. கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டே விதை வணிகம் நடத்தும் ஆத்தூருக்கு இந்தப் பகுதியின் மண்ணும் பனியும் நன்றாகத் தெரியும். மருந்து விற்பவர்களும் ரகத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே விற்க வேண்டும். எந்த ரகத்தில் சோதித்த அளவு என்று புட்டியில் இருக்க வேண்டும். சோதிக்காத ரகமென்றால் அதையும் சொல்ல வேண்டும்.

அதுவரை உழவர் தன் கொல்லையிலேயே செய்துகொள்ளக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மருந்தை வாங்கினாலும் முழுக் கொல்லையிலும் அடிக்காதீர்கள். முதலில் மேல்காயில் சிலவற்றை நடுவே அறுத்துப் பாருங்கள். விதைத்தோல் பழுப்பேறி, உள்ளே பருப்பு மடிந்து உருவாகியிருந்தால் காய் முற்றிவிட்டது. உள்ளே கூழாக இருந்தால் அடிக்கிற காலம் இன்னும் வரவில்லை. முற்றியிருந்தால் இரண்டே வரிசையில் அடியுங்கள். அடிப்பதற்கு முன் ஐந்து செடியின் இலையை எண்ணி எழுதுங்கள். ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் மீண்டும் எண்ணி, உதிர்ந்தது, காய்ந்து தொங்குவது, பச்சையாக நிற்பது என்று பிரித்து எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து மறுதுளிரைப் பாருங்கள். தொங்குவது அதிகமென்றால் உங்கள் ரகத்துக்கு அந்த அளவு கூடுதல். பச்சையாக நிற்பது அதிகமென்றால் மருந்து உள்ளே போகவில்லை, அல்லது குளிர் விடவில்லை, அல்லது அந்த ரகம் பணியவில்லை. இந்தப் பருவத்துக்கு இரண்டு வரிசைதான் பயன்படும். அடுத்த பருவத்துக்கு அந்தத் தாள் முழுக் கொல்லையையும் காக்கும். அதே ரகம் போட்ட பக்கத்துக் கொல்லைக்காரருக்கும் அதைக் காட்டுங்கள்.

ஒரு புட்டி, ஓர் அளவு, எல்லாப் பருத்தியும் ஒன்று என்ற கருத்து சொல்பவருக்கு எளிது. அதன் விலையைக் கொடுப்பவர் ஏலக்கூடத்தில் கொட்டு விலைக்கு மூட்டையைக் கொடுத்துவிட்டு நிற்கும் உழவர். அந்த விலையை அவர் தலையில் கட்டிவிட்டு நாம் நவீனம் பேச முடியாது. செடிக்குச் செடி உடம்பு வேறு என்பதை ஒப்புக்கொண்டு அளவைச் சொல்லுங்கள். ரகத்தைச் சோதிக்காதவர்களுக்கு இந்த மருந்தைப் பரிந்துரைக்கும் உரிமை இல்லை.